வாயில ஊசி இல்லாத நேரம்

இல்ல அண்ணி, வாயில ஊசி வெக்கிறதை விட்டுட்டேன். தாடை டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. அதான் மணிக்கட்டுல இந்தப் பஞ்சு மெத்தையைக் கட்டிக்கிட்டு இதுல குத்தி வெச்சுக்கிறேன். கையைக் கொஞ்சம் தூக்குங்க. ஐயோ, அவ்ளோ வேணாம், போலீஸ் பிடிச்ச மாதிரி நிக்கிறீங்க. ஆங், அப்படியே. ஸ்டூல் ஆடாது, பயப்படாதீங்க. உங்களைவிட கனமானவங்க எல்லாம் ஏறி நின்ன ஸ்டூல் இது. சரி சரி, உங்களை யாரு கனம்னு சொன்னா?

நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு அண்ணி. மறக்கல. கடையை மூடணும், மெஷினைக் குடுத்துடணும், உங்க வீட்டுப் பின் ரூமுக்கு வந்துடணும். பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும். நீங்க காலையில ஆபீஸ் போனா ராத்திரிதான் வர்றீங்க. அண்ணனுக்கு சர்க்கரை, நேரத்துக்கு சோறு போட, மாத்திரை எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும். எனக்கோ தாடை சரியில்ல, தனியா கிடந்து கஷ்டப்பட வேணாம். எல்லாம் என் நல்லதுக்குத்தான். இன்னிக்கு சாயங்காலம் அண்ணனுக்கு பதில் தெரிஞ்சாகணும். பின் ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சாமே, உங்க பொண்ணு போன்ல சொன்னா. கேக்கறதுக்கு முன்னாடியே பெயிண்டு! பரவால்ல. பதில் சொல்றேன் அண்ணி. சொல்லாம உங்களை இந்த ஸ்டூலை விட்டு இறக்க மாட்டேன். முதல்ல இடுப்பு. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க. கல்யாணத்தன்னிக்கு நாள் பூரா இழுத்துப் பிடிச்சுட்டு நிக்க முடியுமா?

என்ன இவ இன்னிக்கு இவ்ளோ பேசுறான்னு பாக்குறீங்க. பின்ன? இந்தக் குடும்பத்துக்கு நீங்க வந்த நாள்லேருந்து என் வாயில ஊசியைத்தானே பாத்திருக்கீங்க. ஒரு கஸ்டமரை நிக்க வெச்சு அளவு பாக்கணும்னா பத்து பன்னெண்டு குண்டூசியை உதட்டுல கடிச்சுப்பேன். ஒண்ணொண்ணா எடுத்துக் குத்துவேன். தைக்கத் தெரிஞ்சவங்க பாதிப்பேர் அப்படித்தான். நூல் அறுக்கறதுன்னா கத்தரி எதுக்கு, பல்லு இருக்கே. அப்படி நிக்கறப்போ தும்மக்கூட முடியாது, அப்புறம் எங்க பேசறது? அந்த நேரமா பாத்துத்தான் நம்ம வீட்டுல எல்லா முடிவும் எடுப்பீங்க.

நான் சும்மா சொல்லல அண்ணி. யோசிச்சுப் பாருங்க. உங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ, பகல் பூரா நான் பாத்துக்கிறதுன்னு எப்ப முடிவாச்சு? ஸ்கூல் யூனிபார்ம் சீசன், வாய் நிறைய ஊசி, நீங்க இதோ இந்த வாசல்ல நின்னு, பாத்துக்குவேல்லன்னு கேட்டீங்க. நான் பேசல. சரின்னு சொல்லிட்டான்னு அண்ணன்கிட்ட போய் சொல்லிட்டீங்க. அம்மா படுத்த படுக்கையானப்போ யார் வெச்சுக்கிறது? அன்னைக்கு ஒரு நர்ஸம்மாவுக்கு கோட்டு அளவு பாத்துட்டிருந்தேன். வாயில ஊசி. அம்மா என் வீட்டுக்கு வந்துட்டாங்க. அம்மாவைப் பாத்ததுக்கு நான் வருத்தப்படல, அது வேற. எங்கம்மா. ஆனா யாராவது என் வாயில ஊசி இல்லாத நேரமா வந்து கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை.

சிரிக்கிறீங்க. சிரிங்க, ஆனா ஆடாம சிரிங்க. விலாப்பக்கம் நிறைய குத்தியிருக்கேன்.

தாடைக் கதை உங்களுக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது கடைசிப் பாகம். முதல்ல வந்தது சத்தம். கொஞ்சம் வாயைத் தொறந்தா காதுக்கு முன்னாடி டொக்குனு ஒரு சத்தம். பக்கத்துல நிக்கிற கஸ்டமருக்கே கேக்கும். அப்புறம் காது வலி. காது டாக்டர்கிட்ட போனேன். அவரு தண்ணி பீச்சி ரெண்டு காதையும் கழுவினாரு. உள்ள அழுக்கே இல்லியேன்னு அவருக்குத்தான் ஏமாற்றம். அப்புறம் கடைவாய்ல வலி. பல் டாக்டர்கிட்ட போனேன். எக்ஸ்ரேவுல ஒண்ணுமில்லம்மான்னாரு, ஆனா வந்ததுக்கு வெறுங்கையோட அனுப்புவாரா? நல்லா இருந்த பல்லு ஒண்ணைப் பிடுங்கிக் கையில குடுத்துட்டாரு. வலி அப்படியே இருக்குதுன்னு திரும்பப் போனா, அப்போ பக்கத்துப் பல்லா இருக்கும்கிறாரு! எழுந்து ஓடி வந்துட்டேன். அவரு இருந்த வேகத்துக்கு பொக்கை வாயாக்கிட்டுத்தான் ஓஞ்சிருப்பாரு.

நீங்க என்ன சொன்னீங்க? ஞாபகம் இல்லியா? சூயிங்கம் மெல்லுன்னீங்க. தாடைக்கு எக்சர்சைஸ் வேணும், நீ வாயைத் தொறந்து பேசறதே இல்ல, அதான் துருப்பிடிச்சுப் போச்சுன்னீங்க. நானும் லூசு மாதிரி ஒரு மாசம் மென்னேன். தாடை டாக்டர்கிட்ட அதைச் சொன்னதும் அவரு தலையில கை வெச்சுக்கிட்டாரு. சுளுக்கின காலோட ஓடச் சொன்னது யாரும்மான்னு கேட்டாரு. உங்க பேரைச் சொல்லல. குடும்ப மானம் இருக்கே.

திரும்புங்க. மெதுவா. இப்போ முதுகு. சேலை வேணாம்னு தெக்கச் சொன்ன இந்தக் கவுனுக்கு முதுகு இவ்ளோ இறக்கமா வேணும்னு நிஜமாவே சொல்றீங்களா? பொண்ணோட கல்யாணம் அண்ணி, பொண்ணுக்குத்தான் கல்யாணம். சரி, உங்க இஷ்டம். ரெண்டு விரக்கடை ஏத்தி வெக்கிறேன், அப்புறம் எனக்கு நன்றி சொல்வீங்க.

ஆங், அந்த நாள். நீங்க ஊரெல்லாம் சொன்னீங்களே, என் நாத்தனா கொட்டாவி விட்டா, விட்ட வாயி மூடவே இல்லன்னு. ஆபீஸ்ல சொன்னீங்க, சொந்தக்காரங்க வீட்டுல சொன்னீங்க, நடிச்சு வேற காட்டினீங்க. நடுவுல கொஞ்ச நாள் யாரு என்னைப் பாத்தாலும் முதல்ல வாயைத்தான் பாத்தாங்க. துணி தைக்க வந்தவ ஒருத்தி, எங்கே இன்னொரு தடவை விடுங்களேன்கிறா! ரெண்டு பக்கமும் கழண்டுக்கிட்டா அதுக்கப்புறம் தானா உள்ள போகாது அண்ணி. தாடை முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கும். எச்சில் ஒழுகும். விழுங்க வராது. பேச்சுங்கிற பேச்சுக்கே இடமில்ல, ஆ ஆன்னு ஒரு சத்தம்தான். அண்ணன் பக்கவாதம்னு நினைச்சு, இடது கையைத் தூக்கு, இடது கையைத் தூக்குன்னு கத்தினாரு. நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டறேன், அவரு அழறாரு. பாவம், அண்ணன் நிஜமாவே பயந்துட்டாரு.

ஆஸ்பத்திரியில அந்தச் சின்ன டாக்டர் கட்டைவிரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, என் ரெண்டு கடைவாய்ப் பல்லு மேலயும் வெச்சு, கீழ அழுத்தி, பின்னாடி தள்ளினாரு. தடக்குனு உள்ள போச்சு. துணி எதுக்கு சுத்தறீங்கன்னு நீங்க கேட்டீங்க. உள்ள போற வேகத்துல கடிச்சுடுவாங்கன்னாரு. உடனே நீங்க, இவ கடிக்க மாட்டா டாக்டர், ரொம்ப சாதுன்னீங்க. நான் படுத்துக்கிட்டே கேட்டுட்டிருந்தேன்.

அப்புறம் தலையைச் சுத்தித் தாடையோட சேத்து ஒரு கட்டு. வாரக்கணக்கா. பேசக் கூடாது, மெல்லக் கூடாது, குழைஞ்ச சோறு, உறிஞ்சற சூப்பு. நீங்க தினம் வந்து பாத்தீங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வந்து, எதிர்ல உக்காந்து, மூச்சு விடாம பேசினீங்க. நான் பதில் சொல்ல முடியாத அந்த வாரங்கள்ல நீங்க இருந்த சந்தோஷம் உங்க கல்யாண போட்டோவுலகூட நான் பாத்ததில்ல.

கோவிச்சுக்காதீங்க. நெஜம்தானே.

அந்த தாடை டாக்டர் வேற மாதிரி ஆளு. கட்டு அவிழ்த்தப்புறம் நான் தனியா போனப்போ, எக்ஸ்ரேவைக் கையில வாங்கினாரு, ஓரமா வெச்சாரு. என் காதுக்கு முன்னாடி ரெண்டு விரலை வெச்சு, தொறங்க, மூடுங்க, வலது பக்கம் நகத்துங்கன்னாரு. அங்க எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல சின்னதா ஒரு மெத்தை இருக்காம். அது இடம் மாறினா டொக்கு, திரும்ப இடத்துக்கு வந்தா இன்னொரு டொக்கு. சத்தம் மட்டும் இருந்தா பரவால்ல, வலி இருந்தாத்தான் வைத்தியம், ஆபரேஷன் எல்லாம் பெரும்பாலும் வேண்டியதே இல்லன்னாரு. கன்னத்தைத் தடவிப் பாத்தாரு. இந்தத் தசை கல்லாட்டம் இருக்கேம்மா, என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். ஊசி, நூல், எல்லாம். தலையை ஆட்டினாரு. ஊசி கனமே இல்ல, ஆனா அது விழாம நாள் பூரா பிடிச்சுட்டிருக்கீங்க பாருங்க, அந்தப் பிடிதான்னாரு. அடுத்து ஒண்ணு சொன்னாரு அண்ணி, அது எனக்குப் புதுசு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாதாம். உதடு மூடியிருக்கணும், பல்லு பிரிஞ்சிருக்கணும், நாக்கு மேலண்ணத்துல சும்மா கிடக்கணும். நான் பொறந்ததுலேருந்து பல்லைக் கடிச்சுட்டேதான் இருக்கேன், அதுதான் வழக்கம்னு நினைச்சேன்.

ராத்திரி போட்டுக்க ஒரு பிளாஸ்டிக் தகடு செஞ்சு குடுத்தாரு. வெந்நீர் ஒத்தடம், தினம் கொஞ்சம் பயிற்சி. அப்புறம், எப்பெல்லாம் கடிக்கிறீங்கன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னாரு. கண்ணுல படற இடத்துல எல்லாம் சிவப்பா ஏதாவது ஒட்டி வெய்ங்க, அதைப் பாக்கறப்போ பல்லு தொட்டுக்கிட்டிருக்கான்னு கவனிங்கன்னாரு. நான் சிவப்பு நூலைக் கட்டி வெச்சேன். மெஷின் சக்கரத்துல ஒண்ணு, கத்தரியில ஒண்ணு, குழாயில ஒண்ணு. அதோ கண்ணாடி மூலையில தொங்குதே, அதான். நீங்க திருஷ்டிக்குக் கட்டினதுன்னு நினைச்சிருப்பீங்க.

கண்டுபிடிச்சேன். தைக்கறப்போ கடிக்கல. குழாயடியில கடிக்கல. சண்டைக்கார கஸ்டமர் வந்து, ஏன் இன்னும் முடியலன்னு கத்தறப்போகூட பல்லு பிரிஞ்சுதான் இருந்துச்சு. தெருமுனையில உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா மட்டும் கிடுக்கிப்பிடி. டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு பெரிய மனுஷன், சிரிக்கல. ஸ்கூட்டரை மாத்தச் சொல்லலாமான்னு மட்டும் கேட்டாரு.

அசையாதீங்க, அசையாதீங்க! குத்திடுச்சா? நான்தான் சொல்றேன்ல. கோவம் வந்தா கழுத்தோட நிறுத்திக்கங்க, இடுப்புக்குக் கீழ விட்டுடாதீங்க. ஓரம் பூரா ஊசி.

இறக்கி விடுன்னா எப்படி? இந்த நிலைமையில கழட்டினா உடம்பு பூரா கீறிக்கும். இருங்க, இனிமேதான் உங்க பதில்.

பட்டன்காரரை ஞாபகம் இருக்கா? எந்தப் பட்டன்காரர்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்கு ஒரு தைரியம் வேணும். சாம்பிள் பெட்டியைத் தூக்கிட்டு மாசாமாசம் கடைக்கு வருவாரே, பட்டன், ஜிப்பு, கொக்கி. பொண்டாட்டி போய் ரொம்ப வருஷமாச்சு, பிள்ளைங்க இல்ல. அவரேதான். ஒரு பட்டனை எடுத்துக் காட்டினா அதைப் பத்தி அரைமணி நேரம் பேசுவாரு. இது சிப்பியில செஞ்சது, இதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, இந்தப் பக்கம் பச்சை அடிக்கும், அந்தப் பக்கம் ரோஸ் அடிக்கும். நான் வாயில ஊசியோட கேட்டுட்டிருப்பேன். என் வாழ்க்கையில ஒருத்தர் பேசினதை நான் பல்லைக் கடிக்காம கேட்டேன்னா அது அதுதான்.

அவரு நேரா என்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்கல. மரியாதைப்பட்ட மனுஷன், முறையா பெரியவங்க மூலமா வரணும்னு அண்ணன்கிட்ட போய்ப் பேசியிருக்காரு. அண்ணன் உங்ககிட்ட சொன்னாரு. மூணு பேருமா கிளம்பி இங்க வந்தீங்க. எப்ப வந்தீங்க? டிரயல் நேரத்துல. ஒரு டீச்சருக்குக் கை அளவு பாத்துட்டிருக்கேன், வாய் நிறைய ஊசி. வேற நேரமே கிடைக்கல உங்களுக்கு. என்னோட டிரயல் நேரம் எதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அண்ணன் இப்படி இப்படின்னு மென்னு முழுங்கிச் சொன்னாரு. அவரு சாம்பிள் பெட்டியைக் கால் பக்கத்துல வெச்சுட்டு, கையைப் பிசைஞ்சுட்டு நின்னாரு. நீங்க ஒரு பத்து மூச்சு விடற நேரம்கூடப் பொறுக்கல அண்ணி. பாத்தீங்கல்ல, பேசாம நிக்கிறா, அவளுக்கு இதுல எல்லாம் இஷ்டம் இல்லன்னீங்க.

அப்பத்தான் நான் கொட்டாவி விட்டேன். உங்க கணக்குப்படி. ஐயோ பாருங்க, உங்க பேச்சைக் கேட்டுக் கொட்டாவியே விட்டுட்டான்னு நீங்க அவரைப் பாத்து சிரிச்சீங்க. அந்த மனுஷன் என் தொறந்த வாயை ஒரு தடவை பாத்தாரு. குனிஞ்சு பெட்டியை எடுத்தாரு. வரேன்னுகூடச் சொல்லல. அவரு வாசப்படி இறங்கித் தெருவுல நடந்தப்புறம்தான் என் வாயி மூடலங்கிறதே உங்களுக்குத் தெரிஞ்சுது.

என் முகத்தை நேரா பாக்க முடியலன்னா கண்ணாடியில பாருங்க. நான் ஊசியை எல்லாம் உள்ளங்கையில துப்பினேன். துப்பினதை நீங்க பாத்தீங்க. நம்ம ரெண்டு பேர் கண்ணும் ஒரு நொடி சந்திச்சுது. என்னது? கொட்டாவி வந்தாலும் ஊசியைத் துப்பத்தானே வேணும்ங்கிறீங்களா? அதுவும் சரிதான். ஆனா கொட்டாவி விடறவ கண்ணு மூடிக்கும் அண்ணி. என் கண்ணு அகலத் தொறந்து அவரையே பாத்துட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.

எனக்கு இஷ்டம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்.

அவ்ளோதான். ரெண்டே வார்த்தை. நாப்பது வயசு வரைக்கும் உள்ள வெச்சிருந்ததுனால ரொம்பப் பெருசா தொறந்துட்டேன் போல, கழண்டுக்கிச்சு. கட்டுப் போட்டு வீட்டுல கிடந்தப்போ அதை நினைச்சு நினைச்சு அழுதேன். அழுதா தாடை வலிக்கும். வலிச்சா இன்னும் அழுகை வரும். நீங்க எதிர்ல உக்காந்து, வலிக்குதாம்மான்னு கேட்டுட்டு சூப்பு ஊத்துனீங்க. அவரு மறுமாசம் வரல. அந்தக் கம்பெனியிலேருந்து வேற யாரோ வந்தான், பட்டனைத் தராசுல அள்ளிப் போட்டுட்டுப் போனான்.

தாடை டாக்டர்கிட்ட முதல் தடவை, கட்டோட போனப்போ, நீங்க கூட வந்தீங்கல்ல. எப்படி ஆச்சுன்னு அவரு என்னைக் கேட்டாரு, கொட்டாவின்னு நீங்க சொன்னீங்க. அடுத்த தடவை நான் தனியா போனேன். கட்டு அவிழ்த்தாச்சு, லேசா பேசலாம். கொட்டாவி இல்ல டாக்டர்னு சொல்லி எல்லாத்தையும் சொன்னேன். வெளிய ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, அவரு கையுறையைக் கழட்டி வெச்சுட்டு முழுக்கக் கேட்டாரு. அப்புறம் பழையபடி என் காதுக்கு முன்னாடி விரலை வெச்சு, இப்போ அதைச் சொல்லுங்கன்னாரு. எதைன்னேன். அன்னைக்குச் சொல்ல வந்ததைத்தான், மெதுவா, பாதி வாய் தொறந்தாப் போதும்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. யாருமில்லாத சுவத்தைப் பாத்து, எனக்கு இஷ்டம்னேன். சத்தமே வரல அண்ணி, டொக்குனு ஒண்ணும் வரல. பாத்தீங்களா, இதுக்கு இவ்ளோ இடம்தான் வேணும்னு விரலைக் காட்டினாரு. ஒரு விரக்கடைகூட இல்ல.

அங்கேருந்து நேரா பஸ் ஏறி பட்டன் குடோனுக்குப் போயிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சிருந்தா போயிருக்கவே மாட்டேன். அவரு உள்ள ஒரு மேஜையில உக்காந்து கறுப்பு பட்டனையும் கருநீல பட்டனையும் பிரிச்சுட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாரு. மனுஷன் எளச்சுப் போயிருந்தாரு. கடைக்குப் போற வேலையை வேற ஆளுக்கு மாத்திக் குடுங்கன்னு அவராவே கேட்டு வாங்கிக்கிட்டாராம். ஏன்னு கேட்டேன். என் பேச்சு அவ்ளோ சலிப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க, இத்தனை வருஷம் உங்களை நிக்க வெச்சுப் பேசிட்டேனேன்னாரு. உங்க ஒரு சிரிப்பு, அந்த மனுஷனைப் பேச்சையே விட வெச்சிருக்கு. அதுக்குத்தான் எனக்கு உங்க மேல கோவம் அண்ணி. எனக்குச் செஞ்சதைக்கூட விடுங்க.

கொட்டாவி இல்லைங்க, தாடை கழண்டுக்கிச்சுன்னேன். அவருக்குப் புரியல. மறுபடி சொன்னேன், முழுசா சொன்னேன், ரெண்டு வார்த்தையையும் சொன்னேன். அவரு மேஜை மேல இருந்த பட்டனை எல்லாம் ஒண்ணாக் குமிச்சுட்டாரு, பிரிச்சு வெச்ச கறுப்பு, கருநீலம் எல்லாத்தையும். அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து திரும்பப் பிரிச்சோம். கடைசிப் பஸ்ஸுக்குத்தான் வந்தேன்.

இல்ல, இது இப்போ நடந்ததில்ல. இது ஆகிக் கொஞ்ச நாளாச்சு. போன புதன்கிழமை பதிவாபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம். சாட்சிக்கு குடோன்காரங்க ரெண்டு பேர், அந்தக் கை அளவு குடுத்த டீச்சர் ஒருத்தங்க. அவங்களும் அன்னைக்கு இங்கதானே நின்னாங்க, எல்லாத்தையும் பாத்தவங்க. நீங்கதான் அவங்களைக் கவனிக்கல.

அதனால அந்தப் பின் ரூமுக்கு நான் வரல அண்ணி. கடையை மூடறதா இல்ல. அவரு இங்க வந்துடறாரு, உள் ரூமுல ஒரு அலமாரி காலி பண்ணியாச்சு. அண்ணனுக்கு நேரத்துக்குச் சோறு வேணும்னா சமைக்க ஒரு ஆள் வைங்க, இல்ல அவரே கத்துக்கட்டும், அவருக்கும் கை இருக்கு. மாத்திரை டப்பாவுல காலை மாலைன்னு நானே எழுதி ஒட்டிக் குடுக்கறேன். அவரைப் பாக்காம இருக்க மாட்டேன், எங்கண்ணன். ஞாயித்துக்கிழமை வருவேன். விருந்தாளியா வருவேன்.

யாரைக் கேட்டு? யாரையும் கேக்கல. அண்ணன் என்ன சொல்வாரு, எப்படி அவருகிட்ட சொல்றதுன்னு நீங்க கவலைப்பட வேணாம். நேத்தே நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அழுதாரு. அன்னைக்கே ஏம்மா சொல்லலன்னாரு. வாய் மூடல அண்ணான்னேன். உங்ககிட்ட சொன்னாரா? சொல்லலியா. சரி, அது உங்க வீட்டு விஷயம், நீங்க பாத்துக்கங்க.

திரும்புங்க, இன்னும் ரெண்டே ஊசி. இந்தக் கவுனை நல்லா தெச்சுக் குடுப்பேன், அதுல ஒரு குறை வெக்க மாட்டேன். பட்டன் அவரே தேடிக் கொண்டாந்தாரு, சிப்பி பட்டன், முதுகுல வரிசையா வரும். கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம், முன்வரிசையில உக்காருவோம். பக்கத்துல யாருன்னு கேட்டு உங்க ஆபீஸ்காரங்க வருவாங்க, சொந்தக்காரங்க வருவாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. நானே சொல்லிக்கிறேன்.